80-ஐத் தாண்டினால் ஹெல்மெட் ஸ்பீக்கர் கேட்கவில்லை

கேள்வி: ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டில் ப்ளூடூத் செட் மாட்டியிருக்கிறேன். ஊருக்குள் நன்றாகக் கேட்கிறது. திருச்சி நெடுஞ்சாலையில் 80, 90-இல் போனால் மேப் வழி சொல்வதுகூடப் புரியவில்லை. வால்யூம் முழுதாக வைத்தாயிற்று. விலை கூடிய செட் வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள். பெரும்பாலும் குறை செட்டில் இல்லை, ஸ்பீக்கர் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான்.

வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைப் போட்டுப் பாட்டை ஓடவிடுங்கள். இரண்டு கைகளாலும் ஹெல்மெட்டைப் பிடித்து மேலே, கீழே, முன்னே, பின்னே ஒரு சென்டிமீட்டர் நகர்த்திப் பாருங்கள். எங்கேயாவது சத்தம் சட்டென்று கூடுகிறதா? ஸ்பீக்கர் அந்தப் பக்கம் நகர வேண்டும். அடுத்து, பக்கவாட்டில் காதை நோக்கி அழுத்துங்கள். பேஸ் (பாட்டின் தாழ்ந்த, கனத்த ஒலி) கூடினால் ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நடுவே இடைவெளி அதிகம். செட்டோடு வந்த டப்பாவில் வட்டமான ஃபோம் துண்டுகள் இருக்கும். பலர் எடுத்துப் பார்ப்பதே இல்லை. அதை ஸ்பீக்கருக்குப் பின்னால் வைத்து முன்னே தள்ளுங்கள். காது மடலை லேசாகத் தொட்டால் போதும். அழுத்தினால் அரை மணி நேரத்தில் காது வலிக்கும். ஸ்பீக்கரின் நடு, காதுத் துளைக்கு நேராக இருக்க வேண்டும், மடலின் நடுவுக்கு அல்ல. ஐந்து மில்லிமீட்டர் நகர்த்தியதிலேயே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது காற்று. 100 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் இரைச்சல் 95 முதல் 100 டெசிபல் வரை போகும். வேலையிடங்களுக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வகுத்த அளவின்படி, 100 டெசிபலை ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான் கேட்கலாம். அதற்கும் மேல் பாட்டைக் கூட்டினால் செவிக்கு நிரந்தரமான சேதம் வரலாம். அதனால் சத்தத்தைக் கூட்டுவதைவிட இரைச்சலைக் குறைக்க வழி பாருங்கள்.

காற்று அதிகம் நுழைவது கழுத்துப் பக்கம். தாடைக்குக் கீழே மாட்டும் துணித்திரை இருந்தால் மாட்டுங்கள். இல்லையென்றால் கழுத்தில் ஒரு பஃப் (குழாய்போல் தைத்த கழுத்துத் துணி) மாட்டிக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டின் முன்கண்ணாடி முழுதாகப் பூட்டுகிறதா, ஓரத்து ரப்பர் பிய்ந்திருக்கிறதா பாருங்கள். வண்டியில் விண்ட்ஷீல்டு இருந்தால் அதன் மேல் விளிம்பில் கலையும் காற்று நேரே ஹெல்மெட்டில் மோதலாம். வண்டியில்லாத நேர்ச்சாலையில் ஒரு நொடி லேசாக எழுந்து பாருங்கள். தடதடப்பு குறைந்து சீரான காற்றொலியானால் விண்ட்ஷீல்டின் உயரத்தை மாற்ற வேண்டும்.

இதற்குப் பிறகும் போதவில்லையென்றால் ஃபோம் இயர்பிளக். காதை அடைத்துக்கொண்டால் பாட்டு எப்படிக் கேட்கும் என்று தோன்றும். பிளக் காற்றையும் பாட்டையும் சேர்த்தே குறைக்கிறது. ஆனால் இரைச்சலின் பெருக்கத்தில் திணறும் காது, அளவு இறங்கியதும் குரலைப் பிரித்துக் கேட்கிறது. பிளக்கை விரல்களால் மெல்லிய குச்சிபோல் உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே வைத்து அரை நிமிடம் விரலால் பிடியுங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை. ஸ்பீக்கர் சரியாகப் பொருந்திய பிறகே பிளக் போடுங்கள். இல்லையென்றால் வால்யூம் போதாது.

ஈக்வலைசரில் (ஒலியின் தாழ்வு, நடு, உச்சத்தைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் அமைப்பு) பேஸைக் குறைத்து, நடு அலைவரிசைகளை ஏற்றுங்கள். காற்றிரைச்சல் பேஸ் பக்கம்தான் அதிகம். அங்கே அதோடு போட்டி போட முடியாது. கூகுள் மேப்ஸ் குரலுக்குத் தனி வால்யூம் அமைப்பு இருக்கிறது, அதையும் பாருங்கள்.

கேள்வி: 40 மி.மீ. ஸ்பீக்கர் என் ஹெல்மெட்டின் காதுக்குழிக்குள் அடங்கவில்லை. தெர்மாகோலைக் கொஞ்சம் செதுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. விழும்போது நசுங்கி அடியை வாங்கிக்கொள்வதே அந்தத் தெர்மாகோல்தான். தடிமன் குறைந்த ஸ்பீக்கர் தேடுங்கள். வாங்கும் முன் குழியின் அகலத்தையும் ஆழத்தையும் ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். பெட்டியைப் பிரித்ததும் வெல்க்ரோவின் பசைத்தாளை உரிக்காதீர்கள்; முதலில் டேப் போட்டு ஒட்டி ஓட்டிப் பாருங்கள். பசை ஒட்டிய பொருளைத் திருப்பி எடுக்கக் கடைக்காரர் மறுக்கலாம்.