ஜெர்மனியில் வளரும் 5 வயதுக் குழந்தைக்கு அந்த நாட்டுப் பண்பாட்டைக் கைவேலைகள் மூலம் எப்படி அறிமுகப்படுத்தலாம்?

இந்தக் கேள்வி எங்கே வந்தாலும் ஒரே பதில்தான் வருகிறது: கொடிக்கு வண்ணம் தீட்டுங்கள், பிரெட்ஸல் செய்யுங்கள், தோல் கால்சட்டை பொம்மை வெட்டி ஒட்டுங்கள். அதில் பெரும்பகுதி தெற்கு மாநிலமான பவேரியாவின் அடையாளம். மேற்கு நகரமான கோலோனில் வளரும் குழந்தைக்குத் தோல் கால்சட்டை அதன் தெருவில் இல்லாத ஒன்று. தெருவில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். உரிய நாளில், உரிய இடத்தில் பயன்படப்போகும் பொருளைச் செய்யவையுங்கள். செய்து அலமாரியில் வைக்கும் பொருளைக் குழந்தை ஒரு வாரத்தில் மறந்துவிடும்.

நீங்கள் மேற்கு ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர், குழந்தை கிண்டர்கார்டன் போகிறது, இன்னும் நவம்பர் வரவில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படியானால் முதல் வேலை நவம்பர் 11, மார்ட்டின் நாளுக்கான லாந்தர். ஜெர்மானியர் வாயில் ‘லாட்டர்னே’. நம் லாந்தரின் உறவுச் சொல்தான்.

4ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் என்ற ரோமானியக் குதிரைப்படை வீரர், குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பது கதை. அவர் பிறந்தது இன்றைய ஹங்கேரியில், ஆயராக இருந்தது பிரான்சின் தூர் நகரில். “இதில் ஜெர்மனி எங்கே?” என்று கேட்பீர்கள். இருட்டியதும் குழந்தைகள் லாந்தரோடு தெருவில் நடப்பது, முன்னால் சிவப்பு மேலங்கியில் குதிரைவீரர் போவது, முடிவில் பெரிய நெருப்பு மூட்டுவது என்று ரைன் நதிக்கரை ஊர்களில் அது வேரூன்றியிருக்கும் விதம்தான் ஜெர்மனி. மதத் திணிப்பு என்று யாராவது சொல்லக்கூடும். அது கிறிஸ்தவப் புனிதரின் நாள்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. குழந்தையிடம் பெயரோடு சொல்லுங்கள். ஊர்வலத்தில் பல மத வீட்டுக் குழந்தைகளும் நடக்கிறார்கள்.

5 வயதுக்கு எண்ணெய்த்தாள் லாந்தர் பொருத்தம். 11 செ.மீ. விட்டமுள்ள வட்டமான காமம்பேர் சீஸ் அட்டை டப்பா ஒன்று போதும். அடிப்பாகம் லாந்தருக்குத் தளம். மூடியின் நடுவை வெட்டி எடுத்தால் மேல் வளையம். சதுர மீட்டருக்கு 120 முதல் 160 கிராம் வரை எடையுள்ள ஏ3 வரைதாளை நீளம் 36, உயரம் 22 செ.மீ. என்று வெட்டுங்கள். 11 செ.மீ. விட்டத்துக்குச் சுற்றளவு சுமார் 34.5, மீதி ஒட்டுவதற்கு. டப்பாவின் அளவு வேறென்றால் விட்டத்தை 3.14ஆல் பெருக்கி 1.5 கூட்டிக்கொள்ளுங்கள்.

குழந்தை நீர்வண்ணத்தால் தாளை நிரப்பட்டும். மஞ்சள், ஆரஞ்சு, வெளிர்சிவப்பு ஒளியை நன்றாக விடும். நீலத்தையும் பச்சையையும் ஒன்றன்மேல் ஒன்று பூசினால் பகலில் அழகு, இரவில் கறுப்பு. தாள் முழுக்க உலர ஒரு இரவு விடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் அந்த இடத்தில் எண்ணெய் ஏறாமல் திட்டுத்திட்டாகத் தெரியும்.

பிறகு தாளின் பின்பக்கம் ஒரு மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெயைப் பஞ்சால் தேய்த்து, பழைய செய்தித்தாள்களுக்கு இடையே வைத்து ஒற்றியெடுங்கள். தாள் கண்ணாடிபோல ஆகிவிடும். மேலும் கீழும் 2 செ.மீ., பக்கவாட்டில் இரண்டு ஓரத்திலும் 1.5 செ.மீ. எண்ணெய் படாமல் விட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். எண்ணெய் பட்ட தாளில் எந்தப் பசையும் பிடிக்காது. ஊர்வலத்தின் நடுவில் அடித்தளம் கழன்று விழும். ஆளிவிதை எண்ணெய் வேண்டவே வேண்டாம். அதில் நனைந்த துணி கசங்கிக் கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

இனி தாளை டப்பாவைச் சுற்றி ஒட்டி, காயும்வரை ரப்பர் வளையம் போட்டுவையுங்கள். மேல் வளையத்தில் எதிரெதிராக இரண்டு துளையிட்டு, 30 செ.மீ. கம்பியைக் கோத்து, நுனிகளைச் சுருட்டிவிடுங்கள். உள்ளே மெழுகுவர்த்தி கூடாது, எண்ணெய்த்தாள் அல்லவா! பேட்டரியில் எரியும் சிறு பல்பு தொங்கும் லாந்தர்க்கோல் அக்டோபரிலிருந்தே கடைகளில் கிடைக்கும். பல்பு லாந்தரின் நடு உயரத்தில் தொங்கட்டும். தளத்தைத் தொட்டால் அடி மட்டும் ஒளிரும், குழந்தை தீட்டிய படம் தெரியாது.

வீட்டில் 3 வயதுத் தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்குப் பலூன் லாந்தர். ஊதிய பலூன்மேல் மெல்லிய ஒளிபுகும் வண்ணத்தாள் துண்டுகளைச் சுவர்த்தாள் பசையால் 4 அடுக்கு ஒட்டி, இரண்டு நாள் உலரவிட்டு, பலூனை எடுத்துவிடுவது. ரேடியேட்டர் மேல் வைத்து அவசரப்படுத்தாதீர்கள். சூட்டில் பலூன் விரிந்து ஈரத்தாளைக் கிழிக்கும். பலூனைப் படாரென்று வெடிக்காமல், முடிச்சருகே ஊசியால் குத்தி மெதுவாகக் காற்றை விடுங்கள். மைதாப் பசை வேண்டாம். காய்ந்தாலும் மங்கலாக நிற்கும், குளிர்கால ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும்.

கதையை நடிக்க: சிவப்புத் துணி இரண்டு துண்டு, நான்கு இடத்தில் வெல்க்ரோ, ஒரு அட்டை வாள். ஒவ்வொரு குழந்தையும் ‘வெட்டி’, பாதியை அடுத்தவருக்குப் போர்த்தலாம்.

அன்றைக்குச் செய்ய வேண்டிய ரொட்டி வெக்மான், மனித உருவில் ஒரு இனிப்பு ரொட்டி. அதே மேற்கிலுள்ள வெஸ்ட்ஃபாலியாப் பகுதியில் ஷ்டூட்டன்கெர்ல் என்பார்கள். பாக்கெட்டில் 550 என்று போட்ட கோதுமை மாவு 500 கிராம், வெதுவெதுப்பான பால் 220 மி.லி., வெண்ணெய் 60, சர்க்கரை 60, உலர் ஈஸ்ட் 7 கிராம், ஒரு முட்டை, ஒரு தேக்கரண்டி உப்பு. பால் விரலைச் சுட்டால் ஈஸ்ட் செத்துவிடும். 10 நிமிடம் பிசைந்து, மூடி, ஒரு மணி நேரம் விட்டால் உப்பிவரும். 150 கிராம் அளவில் ஆறு உருண்டை. கையையும் காலையும் தனியாக உருட்டி ஒட்டாமல் கத்தரிக்கோலால் வெட்டி விரியுங்கள். ஒட்டியவை அடுப்பில் கழன்றுவிடும். கழுத்து மெலிந்தால் தலை ஒடியும். மறுபடி 20 நிமிடம் விட்ட பிறகே உலர்திராட்சைக் கண்களை ஆழமாக அழுத்துங்கள். முன்பே வைத்தால் மாவு உப்பும்போது வெளியே தள்ளிவிடும். முட்டை மஞ்சளும் பாலும் கலந்து பூசி, 180 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம். சாப்பிடும்போது இரண்டாகப் பிய்த்துப் பாதியைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். வாளும் மேலங்கியும் அப்போது புரியும்.

    

மற்றவை தானாக வரிசையில் வரும். டிசம்பர் 5 இரவு, துடைத்த காலணியைக் கதவுக்கு வெளியே வைப்பது. காலையில் நிக்கோலாஸ் நாள், உள்ளே கொட்டையும் மாண்டரினும் இருக்கும். பள்ளி சேரும் நாளில் ஷூல்ட்யூட்டே என்ற, இனிப்பு நிரப்பிய பெரிய அட்டைக் கூம்பு. ஃப்ரோபெல் நட்சத்திரம் என்ற காகித நட்சத்திரத்தை 5 வயதில் தொடவேண்டாம், 1.5 செ.மீ. அகலம், 45 செ.மீ. நீளத்தில் நான்கு பட்டைகளைப் பின்னிச் செருகுவது 8 வயதுக்கு மேல்தான் கைக்கு வரும். 1840இல் கிண்டர்கார்டன் என்ற பெயரைத் தந்த ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரோபெலின் பெயர்தான் அதற்கும்.

ஊர்வலத்துக்கு முந்தின மாலையே விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்து பாருங்கள், கையுறையோடு. தடித்த கையுறையில் கோலின் சுவிட்சு அகப்படாது. பையில் மாற்று பேட்டரியும், மழை வந்தால் லாந்தர்மேல் கவிழ்க்க ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பையும் இருக்கட்டும்.