கவரைக் கொடுத்துவிட்டுக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: பரணில் இருந்த தகரப்பெட்டியில் அறுபது கடிதங்கள் போலக் கிடைத்தன. என் கொள்ளுத் தாத்தா சென்னையில் சட்டம் படித்தபோது, அவருடைய அப்பாவும் அக்காவும் திருநெல்வேலியிலிருந்து எழுதியவை. பழைய தபால்தலை வாங்கும் ஒருவர் கவர்களுக்கு மட்டும் நல்ல விலை தருவதாகச் சொல்கிறார். கடிதங்களில் '1090-ஆம் வருஷம்' என்று இருப்பதால் அவற்றுக்கு மதிப்பில்லை, லேமினேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். செய்யலாமா?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள்.

முதலில் அந்த 1090. அது ஆங்கில ஆண்டு அல்ல, கொல்லம் ஆண்டு என்ற வேறு ஆண்டுக் கணக்கு. திருநெல்வேலிப் பக்கத்துப் பத்திரங்களிலும் கடிதங்களிலும் சர்வசாதாரணம். பழைய தாள் வியாபாரத்தில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்காது. தெரியாததுபோல் பேசுவதில் அவருக்கு லாபம்.

கணக்கு இதுதான். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் முடியும்வரை 824-ஐக் கூட்டுங்கள். ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. ஆக 1090 ஐப்பசி என்றால் 1914; 1090 மாசி என்றால் 1915. மார்கழியில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். அந்த மாதத்தின் முதல் பாதி டிசம்பரில், மறுபாதி ஜனவரியில். மார்கழி 10 பழைய ஆங்கில ஆண்டு, மார்கழி 25 புதிய ஆண்டு. 825 என்று ஒரே எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு எல்லாவற்றுக்கும் கூட்டினால் பாதிக் கடிதங்கள் ஓராண்டு தள்ளிப்போய்விடும். 1090 புரட்டாசிக் கடிதத்தில் தகப்பனார் 'உடனே ஊருக்குப் புறப்பட்டு வா' என்று பதறியிருந்தால் காரணம் எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் சென்னையில் குண்டு போட்டது. அதே கடிதத்தை 1915-இல் கொண்டுபோய் வைத்தால் பதற்றத்துக்குக் காரணமே கிடைக்காது. அக்கா வருஷத்தின் பெயரை எழுதியிருக்கலாம். ஆனந்த வருஷம் என்பது 1914 சித்திரையில் பிறந்தது. அதற்கும் இதே மார்கழிச் சிக்கல் உண்டு. தேதியை ௨௰௫ என்று எழுதியிருந்தால் அது 25. நடுவில் இருக்கும் ௰ பத்தைக் குறிக்கும். சைபர் என்று படித்து 205 ஆக்காதீர்கள்.

இந்தக் கணக்கு சரிதானா என்று எதைவைத்துச் சோதிப்பீர்கள்? கவரை வைத்துத்தான். முன்பக்கம் அனுப்பிய ஊரின் முத்திரை, பின்பக்கம் சென்னையில் வந்து சேர்ந்த முத்திரை, இரண்டிலும் ஆங்கிலத் தேதி. முத்திரை மங்கியிருந்தால் தபால் கட்டணம் உதவும். 1922 வரை கார்டு காலணா, கவர் அரையணா. அந்த ஆண்டு இரண்டும் இரட்டிப்பாகிக் கார்டு அரையணா, கவர் ஓரணா ஆயின. தேதி போடாத கடிதத்துக்குக் கவர் ஒன்றுதான் சாட்சி. அதைத்தான் அவர் தனியாகக் கேட்கிறார்! தபால்தலையை மட்டும் கத்தரித்துக்கொண்டு மீதியை எடைக்குப் போடுகிறவர்களும் இந்த வியாபாரத்தில் இருக்கிறார்கள்.

லேமினேஷன் கடைக்கும் போகாதீர்கள். சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக்கைப் பிறகு தாள் கிழியாமல் பிரிக்க முடியாது. அந்தக் கால மை பெரும்பாலும் இரும்புச் சத்தும் அமிலமும் கொண்டது. எழுத்தைச் சுற்றிப் பழுப்பு ஏறியிருந்தால் மை தாளைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். பிளாஸ்டிக்குக்குள் வைத்து அடைப்பதால் அது நிற்காது. கார்டுகளில் ஊதாப் பென்சில் எழுத்து இருந்தால் ஈரத் துணி பக்கத்திலேயே வரக்கூடாது. ஒரு சொட்டுப் பட்டாலும் சாயமாகப் பரவும். செல்லோ டேப், கோந்து, ஸ்டேப்ளர் எதுவும் வேண்டாம். தாளை உள்ளே இழுக்கும் வகை ஸ்கேனரும் வேண்டாம், மடிப்பில் கிழித்துவிடும்.

மூலைகளில் மஞ்சள் இருந்தால் கறை என்று துடைக்காதீர்கள். அது நல்ல செய்திக்குத் தடவியது. சாவுச் செய்தி வந்த கடிதத்தைப் படித்ததும் கிழித்துப்போடுவது வழக்கம். உங்கள் கடிதக் கட்டுக்குள் அப்படி ஒன்று இல்லை என்பதால் அந்த ஆண்டுகளில் வீட்டில் சாவே விழவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். மணியார்டர் கூப்பன்களையும் குப்பை என்று ஒதுக்காதீர்கள். சாப்பாட்டுக்கும் புத்தகத்துக்கும் வீட்டிலிருந்து எவ்வளவு வந்தது என்பதை அவைதான் சொல்லும்.

இந்த வாரம் செய்யவேண்டியது: பெட்டியில் இருக்கும் வரிசையைக் கலைக்காமல் ஒவ்வொன்றாக எடுத்து, கடிதத்துக்கும் அதன் கவருக்கும் ஒரே எண்ணை மெல்லிய பென்சிலால் பின்மூலையில் எழுதுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து, வெற்றுப் பக்கம் உட்பட இரு பக்கமும் படமெடுங்கள். விறைத்துப்போன மடிப்பை வலிந்து விரிக்காதீர்கள். பூச்சி இருந்தால் இரண்டு பாலிதீன் பைகளில் காற்றுப்புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரிக்குப் போகும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக்கூடாது. திறந்தால் தாள் வியர்த்துவிடும். பிறகு அமிலமற்ற தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் வையுங்கள். அந்தத் தாள் கிடைக்காவிட்டால் கஞ்சி போக இரண்டு முறை அலசி உலர்த்திய காடாத்துணி போதும். பரணுக்கு மட்டும் திருப்பி ஏற்றாதீர்கள்.

பிறகும் விற்கத்தான் வேண்டும் என்றால், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தைக் கவனியுங்கள். வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியோ ஆவணமோ 75 ஆண்டு கடந்திருந்தால் தொல்பொருள் கணக்கில் வரும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது; வியாபாரம் செய்கிறவருக்கு உரிமம் வேண்டும். உங்களிடம் வந்தவரிடம் உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள், மறுநாள் போனை எடுக்கமாட்டார். குடும்பக் கடிதம் இந்தக் கணக்கில் சேருமா என்று சாதாரண மனிதர் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு எளிய வழியை ஐம்பது ஆண்டுகளாகியும் நாம் ஏற்படுத்தவில்லை. அந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

அச்சிலோ இணையத்திலோ வெளியிடுவது வேறு விஷயம். தாள் உங்களுடையது, அதிலுள்ள வாசகத்தின் உரிமை எழுதியவரின் வாரிசுகளுக்கு. அக்கா வழிப் பேரப்பிள்ளைகளிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். நூலகத்துக்குக் கொடுப்பதானால் எண்ணிட்ட பட்டியலை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்ட கையெழுத்தும் முத்திரையும் வாங்காமல் பெட்டியைக் கையைவிட்டு இறக்காதீர்கள்.