அம்மாவின் நெஞ்சுவலியும் ஒடிசா அழைப்பும்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 29 வயது. ஊர் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிராமம். சென்னையில் ஐ.சி.யூ. நர்ஸாக வேலை பார்க்கிறேன். அப்பா இல்லை. வீட்டுக் கடன் என் சம்பளத்தில்தான் அடைகிறது. தங்கை பி.எட். கடைசி வருடம்.

போன வருடம் கன்வென்ஷன் ஜெபக் கூட்டத்தில் ஒடிசாவிலுள்ள ஒரு மிஷன் மருத்துவமனையைப் பற்றிச் சொன்னார்கள். பிரசவத்துக்கு மலைக் கிராமத்திலிருந்து கட்டிலோடு தூக்கி வருவார்களாம், பார்க்க நர்ஸ் இல்லையாம். ஊழியத்துக்கு ஒப்புக்கொடுப்பவர்கள் எழும்பச் சொன்னபோது எழும்பிவிட்டேன். அந்தப் பாரம் இன்றுவரை குறையவில்லை. வீட்டில் சொன்னதும் அம்மா, "உன்னை நம்பித்தானே கடன் வாங்கினேன்" என்று அழுதார்கள். சரி, அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். கொஞ்ச நாளில் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தோம். ஜெபக்குழுவில் ஒருவர், தேவன் போகச் சொன்ன ஊருக்குப் போகாமல் கப்பலேறி ஓடிய யோனா தீர்க்கதரிசியைக் காட்டி, "யோனா ஓடினதால் கப்பலில் இருந்த எல்லாருக்கும்தான் புயல் வந்தது" என்றார்.

அன்றிலிருந்து தூக்கமே இல்லை. ராத்திரி எழும்பி, கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரல் வைக்கிறேன். பயமுறுத்தும் வசனம் வந்தால் மூடிவிட்டு மறுபடி திறக்கிறேன். நான் கீழ்ப்படியாதவளா அக்கா?

– பெயர் வேண்டாம்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அம்மாவின் நெஞ்சுவலி. உங்கள் வார்டில் ஒரு நோயாளியின் மகள் வந்து, "என் கீழ்ப்படியாமையால்தான் அம்மாவுக்கு இப்படி ஆனதா?" என்று கேட்டால் ஆமாம் என்பீர்களா? ரத்தக் குழாய் எதனால் அடைக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்றார் இயேசு. யோனாவைச் சொன்னவர் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். மூன்றாம் அதிகாரத்தைப் பாருங்கள். ஓடிப்போனவனிடம் கர்த்தருடைய வார்த்தை இரண்டாம் தரம் வருகிறது. அம்மாவைப் படுக்க வைத்து மகளைப் பணியவைக்கிற தேவனை நான் சுவிசேஷத்தில் பார்க்கவில்லை.

அந்த விரல் வைத்துப் பார்ப்பதை இன்று ராத்திரியே விட்டுவிடுங்கள். பயம் வரும்போது இப்படிச் சோதித்துப் பார்த்தால் கொஞ்ச நேரம் மனது அடங்கும். அப்புறம் முன்னைவிடப் பலமாக மறுபடி பார்க்கச் சொல்லும். வேதத்தைக் காலையில் ஒரு சுவிசேஷத்தை எடுத்துத் தொடர்ச்சியாக வாசியுங்கள். இரண்டு வாரத்தில் தூக்கம் சீராகாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.

இனி அழைப்பு. பயத்தைக் கழித்த பிறகும் உங்கள் கடிதத்தில் அந்தக் கட்டிலும் அந்த மலைக் கிராமத்துப் பெண்களும் இருக்கிறார்கள். ஒரு வருடமாக மறக்க முடியவில்லை என்றால் அது கூட்டத்தில் வந்த உணர்ச்சி மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கீழ்ப்படிவது என்றால் நாளைக்கே ராஜினாமா எழுதுவது என்று யார் சொன்னது? 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் தங்கள் மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டு, அங்கிருந்த அமெரிக்க மிஷனரி டாக்டரின் மகள் ஐடா ஸ்கடரிடம் வந்தார்கள். ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்றார்கள். அவரோ டாக்டர் இல்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். மிஷனரியாக விருப்பமே இல்லாதிருந்த அவருக்கு அந்த இரவுதான் அழைப்பு. அதற்கு அவர் செய்த முதல் கீழ்ப்படிதல், அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்தது. 1899இல் அங்கே கார்னெல் மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்து, 1900இல்தான் வேலூரில் வேலையைத் தொடங்கினார். இடையில் போன வருடங்கள் கீழ்ப்படியாமை அல்ல.

பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்தார் (மாற்கு 7). ஆகவே கடனை அம்மா தலையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: கடன் முடிந்தால் தங்கை கல்யாணம், அது முடிந்தால் வேறொன்று என்று நாள் போய்க்கொண்டே இருக்கும். இதில் உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ள இடம் கொடுக்காதீர்கள்.

அம்மா கொஞ்சம் தேறியதும் பாங்க் பாஸ்புக்கை நடுவில் வைத்து மூன்று பேரும் உட்காருங்கள். பாக்கி எவ்வளவு, தங்கை எப்போது சம்பாதிப்பாள், மிஷன் மருத்துவமனைச் சம்பளத்தில் மாதம் எவ்வளவு அனுப்ப முடியும் என்று எழுதிப் பாருங்கள். அந்த மருத்துவமனைக்கு நீங்களே கடிதம் போட்டுச் சம்பளம், தங்குமிடம் எல்லாம் விசாரியுங்கள். லீவு எடுத்துச் சில நாள் அங்கே வந்து வேலை பார்க்கலாமா என்றும் கேளுங்கள். போய் வந்தால் பாதிக் குழப்பம் தீரும். வேதத்தில் அந்தியோகியா பட்டணத்துச் சபை, பவுலையும் பர்னபாவையும் ஊழியத்துக்கு உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்துத்தான் அனுப்பியது. உங்கள் சபை ஆயரிடமும் சொல்லி, அம்மாவுக்கும் சேர்த்து ஜெபிக்கச் சொல்லுங்கள்.

"ரெண்டு வருஷம் பொறு" என்று அம்மா சொன்னால் அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த வருஷம், எந்த மாதம் என்று அன்றே அம்மா வாயாலேயே சொல்லச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒடிசாவுக்குப் போய் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா