கல்லாவில் பாதி அண்ணனுக்கு என்றால் முதல் எப்படி மிஞ்சும்?

கேள்வி (சுருக்கமாக): மாதம் ஒருமுறை கூடும் சிறிய பழம்பொருள் சந்தையில், நான் கையால் செய்யும் வெள்ளிக் காதணிகளையும் மணிச்சரங்களையும் மூன்று ஆண்டுகளாக விற்று வருகிறேன். விற்பனை குறையவில்லை, ஆனாலும் கையில் ஒன்றும் தங்குவதில்லை; பணம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. கிரெடிட் கார்டு நிலுவை ஏறத்தாழ ஒன்றேமுக்கால் சந்தையின் விற்பனை அளவுக்கு வளர்ந்துவிட்டது. அதற்கு மாதம் 3 சதவீத வட்டி. வெள்ளி விலை ஏறுவதால் கைபேசிச் செயலி வழியாக மாதாமாதம் வெள்ளி சேர்க்கலாமா? அல்லது 12 சதவீதக் கடன் வாங்கி இன்னொரு மேஜையும் எடுக்கலாமா? வீட்டுச் செலவைக் கணவர் சம்பளம் பார்த்துக்கொள்கிறது. சந்தை முடிந்த மாலையே கல்லாவில் பாதியை அண்ணனின் வண்டிக் கடனுக்காகக் கொடுத்துவிடுகிறேன். 14 மாதமாக இப்படி நடக்கிறது.

பதில்: வெள்ளியைப் பற்றி ஒரு பக்கமும் கடனைப் பற்றி அரைப் பக்கமும் எழுதிய நீங்கள், அண்ணனைப் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். உங்களை வாட்டுவது அந்த ஒரு வரிதான்.

நீங்கள் அனுப்பிய செலவுக் கணக்கை, ஒரு சந்தையின் விற்பனை 100 என்று வைத்துக்கொண்டு சுருக்கிப் பார்த்தேன். வெள்ளிக் கம்பி, கல், மணி, கொக்கி ஆகியவற்றுக்கு 38, மேஜை வாடகைக்கு 14, போக்குவரத்து, பெட்டி, அட்டை இயந்திரக் கட்டணம் எல்லாம் சேர்த்து 8. ஆக 60 போய்விடுகிறது. மீதி 40தான் உங்களுடையது. இரவில் கண் விழித்துக் கம்பி வளைத்த கூலியும் அதற்குள்தான் அடக்கம். ஆனால் அண்ணனுக்கு நீங்கள் கொடுப்பதோ 50. அதாவது உங்கள் உழைப்பு முழுவதையும் கொடுத்து, அடுத்த சந்தைக்குச் சரக்கு வாங்க வேண்டிய முதலிலிருந்தும் 10 எடுத்துக் கொடுக்கிறீர்கள். அந்தப் பள்ளத்தைத்தான் கிரெடிட் கார்டு நிரப்புகிறது. மாதம் 10 வீதம் 14 மாதத்துக்கு அசல் 140. 3 சதவீத வட்டி வட்டிக்கு வட்டியாக ஏறினால் சுமார் 170. நீங்கள் சொன்ன நிலுவையும் அதுவே. ஆகவே பணம் எங்கே போகிறது என்று தெரியவில்லை என எழுதியிருப்பதை மாற்றிக்கொள்ளுங்கள். அது எங்கே போகிறது என்பது மிகத் தெளிவாகத் தெரிகிறது.

அண்ணனுக்கு உதவுவதை நான் குறை சொல்லவில்லை. உதவியைக் கல்லாவின் மொத்தத்திலிருந்து கணக்கிடுவதுதான் தவறு, ஏனென்றால் கல்லாவில் கிடக்கும் பணத்தில் பாதிக்கு மேல் கம்பிக் கடைக்காரருக்கும் சந்தை நடத்துபவருக்கும் உரியது. இனி சந்தையை விட்டுக் கிளம்பும் முன் 60 பங்கை எண்ணித் தனியே கட்டி, அன்றிரவே வேறொரு கணக்கில் போடுங்கள். அந்தக் கணக்கின் அட்டையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மிஞ்சும் 40இல் அண்ணனுக்கு 10, கார்டுக்கு 30 என்று வைத்தால் ஏழாவது சந்தையோடு நிலுவை தீர்ந்துவிடும். அதுவரை அந்த அட்டையில் ஒரு மணிகூட வாங்கக் கூடாது. அண்ணனுக்கு ஒன்றும் கொடுக்காமல் 40ஐயும் கட்டினால் ஐந்து சந்தை போதும். நிலுவை தீர்ந்த பிறகு அண்ணனுக்கு 20 கொடுங்கள், மீதி 20 உங்கள் கூலியாக இருக்கட்டும்.

இரண்டாவது மேஜைக் கடனுக்கு வருகிறேன். நீங்கள் இணைத்திருக்கும் தாளில் உள்ள 12 சதவீதம், முதலில் வாங்கிய தொகை முழுவதன் மீதும் கடைசி மாதம் வரை போடப்படும் வட்டி. 120 வாங்கினால் வட்டி 14.4 சேர்ந்து மாதம் 11.2 வீதம் பன்னிரண்டு தவணை; ஆனால் ஒவ்வொரு தவணையிலும் அசல் கரைவதால், ஆண்டு முழுவதும் சராசரியாக உங்கள் கையில் இருப்பது சுமார் 65தான். 65க்கு 14.4 என்றால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 22 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. கார்டு வட்டியைவிட இது குறைவுதான் என்பதால், நிலுவையை அடைக்க மட்டும் என்றால் யோசிக்கலாம். ஆனால் பாதிக் கல்லாவைக் கொடுக்கும் பழக்கம் நிற்காமல் அதைச் செய்தால், காலியான அட்டை மறுபடியும் நிரம்பி இரண்டு கடனாகிவிடும். மேஜைக்காக வாங்கவே வேண்டாம். வாடகை இரட்டிப்பாகும், செய்யும் கை உங்களுடையது ஒன்றுதானே?

செயலி வழி வெள்ளியைப் பற்றி எனக்குப் பொறுமை குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1980 ஜனவரியில் ஒரு ட்ராய் அவுன்ஸ், அதாவது சுமார் 31.1 கிராம், 50 டாலரை நெருங்கியது. அதே ஆண்டு மார்ச் இறுதியில் 11 டாலருக்கும் கீழே விழுந்தது. 2011 ஏப்ரலில் மறுபடியும் 50க்கு அருகில் சென்று, அவ்வாண்டு முடிவதற்குள் 30க்குக் கீழே இறங்கியது. மாதம் 3 சதவீதம் வட்டி கட்டிக்கொண்டு இப்படிப்பட்ட ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால், அது ஆண்டுக்கு 42 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் உங்களுக்கு ஒரு காசாவது மிஞ்சும். தவிர, விற்காமல் தட்டில் கிடக்கும் உங்கள் 925 முத்திரைக் (ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி) காதணிகளிலேயே ஒவ்வொரு 20 கிராமுக்கும் 18.5 கிராம் வெள்ளி இருக்கிறது. ஓராண்டாக யாரும் தொடாதவற்றைப் பிரித்து, கம்பியையும் கல்லையும் புதிய வடிவத்துக்குப் பயன்படுத்தினால், அடுத்த இரண்டு சந்தைகளுக்குச் சரக்குச் செலவு 38க்கும் கீழே இறங்கும்.

ஒன்றை நீங்கள் சொல்லவில்லை: அண்ணனின் வண்டிக் கடன் தாளில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா? ஜாமீனாக இருந்தால் தவணை தவறும்போது கேள்வி உங்களிடமும் வரும். ஆகவே கொடுப்பதைக் குறைக்கும் முன் அண்ணனையும் அழைத்துக்கொண்டு கடன் கொடுத்தவரிடம் சென்று, தவணைக் காலத்தை நீட்டி மாதத் தொகையைக் குறைத்துத் தரக் கேளுங்கள். அப்படி நீட்டினால் மொத்த வட்டி எவ்வளவு கூடும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அந்தக் கூடுதல் அண்ணன் கட்ட வேண்டியது என்பதை அங்கேயே பேசி முடித்துவிடுங்கள். கையெழுத்து இல்லை என்றால், அடுத்த சந்தைக்கு ஒரு வாரம் முன்பே, இந்த மாதம் 10தான் தர முடியும் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். சந்தை முடிந்த மாலையில், கல்லா திறந்திருக்கும்போது அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.