மகளுக்கு அம்மை, உங்களுக்கு ஊசி: ஆனால் முதலில் மனைவி

வணக்கம். மகளுக்கு முந்தாநாள் சின்னம்மை கண்டிருக்கிறது, உங்களுக்கு இதுவரை வந்ததில்லை, 34 வயதில் தடுப்பூசி போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம். இன்றே போங்கள். தொற்றுக்கு ஆளான 3 நாளுக்குள், மிஞ்சினால் 5 நாளுக்குள் போட்டால்தான் பலன் எதிர்பார்க்கலாம். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே இது பரவிவிடும் என்பதால் அவகாசம் அதிகமில்லை. இரண்டாவது ஊசி 4 முதல் 8 வாரம் கழித்து.

எனக்குக் கவலை தருவது நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியதுதான்: மனைவிக்கு நான்காம் மாதம். இது வலுக்குறைத்த உயிருள்ள கிருமியால் ஆன ஊசி. கர்ப்பிணிக்குப் போடக் கூடாது. அவருக்குச் சிறுவயதில் அம்மை வந்ததா என்று மாமியாரிடம் கேளுங்கள். உறுதியாகத் தெரியாவிட்டால், சின்னம்மைக்கு எதிர்ப்பாற்றல் உடம்பில் இருக்கிறதா என்று காட்டும் வாரிசெல்லா ஐஜிஜி இரத்தப் பரிசோதனை. எதிர்ப்பாற்றல் இல்லையென்றால், 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் (அம்மைக்கு எதிரான ஆயத்த எதிர்ப்பொருள் ஊசி) தர வேண்டுமா என்று மகப்பேறு மருத்துவர் முடிவுசெய்வார். நேரே போய் உட்காராமல் முதலில் தொலைபேசியில் சொல்லுங்கள்; அங்கே வேறு கர்ப்பிணிகளும் காத்திருப்பார்கள்.

வீட்டார் நினைவை மட்டும் நம்பாதீர்கள். எனக்கு ஐந்து வயதிலேயே வந்துவிட்டதாக அம்மா அடித்துச் சொல்வார். 36 வயதில் தொண்டைக்குள்ளெல்லாம் கொப்புளம் வந்து, கஞ்சிகூட இறங்காமல் கிடந்தபோதுதான் தெரிந்தது, அவர் சொன்னது அண்ணன் கதை.

மகளை, அம்மை வந்து போன யாராவது பார்த்துக்கொள்ளட்டும். கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை தனி அறை. வேப்பிலை தாராளமாக வையுங்கள். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.