ரெஜிஸ்டர்ட் நர்ஸ் ஆகணுமா? கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

ஜிஎன்எம் (ஜெனரல் நர்சிங் அண்ட் மிட்வைஃப்ரி டிப்ளமோ) முடிச்சு, வேலை பார்த்துட்டு, அப்புறம் போஸ்ட் பேசிக் பிஎஸ்சி (டிப்ளமோ நர்ஸுங்க டிகிரி வாங்குற படிப்பு) படிச்சவ நான். நம்ம நாட்டுப் படிப்பு பத்தி கேளுங்க.

கார்த்திகா: அக்கா, +2ல பயாலஜி குரூப். பிஎஸ்சி நர்சிங்கா ஜிஎன்எம்மா?

வீட்டுல 4 வருஷம் படிக்க வைக்க முடியும்னா பிஎஸ்சியே போம்மா. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி எல்லாம் படிச்சிருக்கணும், 45% வேணும். ஜிஎன்எம் 3 வருஷம், எந்த குரூப்பா இருந்தாலும் சேரலாம், 40% போதும். ரெண்டுல எதை முடிச்சாலும் மாநில நர்சிங் கவுன்சில்ல பதிஞ்சா ஆர்என் ஆர்எம், அதாவது ரெஜிஸ்டர்ட் நர்ஸ், ரெஜிஸ்டர்ட் மிட்வைஃப் தான். ஆனா எம்எஸ்சி போகணும், டீச்சிங் போகணும்னா ஜிஎன்எம் படிச்சவங்க நடுவுல 2 வருஷம் போஸ்ட் பேசிக் பண்ணணும், நான் பண்ணது அதான்.

ரவி: தங்கச்சிக்கு 1 வருஷ நர்சிங் டிப்ளமோல சீட் தர்றாங்க, சேர்க்கலாமா?

தம்பி, பணம் கட்டிடாதீங்க. 1 வருஷத்துல ஆர்என் ஆகுற படிப்பே கிடையாது. அது உதவியாளர் வேலைக்கான கோர்ஸ், அந்த வேலைக்குன்னு தெரிஞ்சு சேர்ந்தா தப்பில்ல, ஆனா நர்ஸ்னு சொல்லி சேர்க்குறாங்க பாருங்க, அங்கதான் புள்ளைங்க ஏமாறுது. என் வார்டுலயே ஒரு பொண்ணு வெள்ளை யூனிஃபார்ம் போட்டு ரெண்டு வருஷம் வேலை பார்த்துட்டு, பதிவு பண்ணப் போனப்பதான் அந்த சர்டிபிகேட் செல்லாதுன்னு தெரிஞ்சு அழுதுட்டு நின்னுச்சு. எந்த காலேஜா இருந்தாலும் மாநில கவுன்சில் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்க, எந்த வருஷத்துக்கு, எத்தனை சீட்டுக்குன்னும் பாருங்க.

மேரி: ஏஎன்எம் முடிச்சா ஆர்என்னா சிஸ்டர்?

இல்லம்மா, ஏஎன்எம்ங்கிறது துணை நர்ஸ், மிட்வைஃப் படிப்பு, அது தனிப் பதிவு. ஏஎன்எம்மா பதிவு பண்ணிட்டு ஜிஎன்எம் சேரலாம்.

பிரகாஷ்: ஜிஎன்எம் எல்லாம் வேஸ்ட், பிஎஸ்சி படிச்சவங்கதான் உண்மையான நர்ஸ்.

செல்வி: நான் ஜிஎன்எம். அப்போ இத்தனை வருஷமா ஐசியூல நான் பார்த்தது என்ன வேலை சார்?

பிரகாஷ்: டிகிரிக்குதானே மேடம் மதிப்பு, புரமோஷன்ல பாருங்க.

புரமோஷன் விஷயத்துல நீங்க சொல்றது சரிதான், ஆனா "உண்மையான நர்ஸ்"ங்கிற வார்த்தையை ஒத்துக்க மாட்டேன். நான் புதுசா சேர்ந்தப்போ ஒரு ராத்திரி, பிரசவமாகி ஒரு மணி நேரமான அம்மாவுக்கு பிபி நார்மல்னு எழுதிட்டு நகர்ந்தேன். கூட இருந்த சீனியர் ஜிஎன்எம் அக்கா போர்வையை விலக்கி வயித்துல கை வச்சாங்க, கர்ப்பப்பை கல்லு மாதிரி இறுகாம தொளதொளன்னு இருக்கு, கீழ துணி முழுக்க ரத்தம். தேய்ச்சுக்கிட்டே டாக்டரைக் கூப்பிடச் சொன்னாங்க, ஆக்ஸிடோசின் போட்டாங்க, அந்தம்மா பிழைச்சாங்க. பிபி இறங்குறதுக்கு முன்னாடியே கை கண்டுபிடிச்சது. அந்தக் கை வார்டுல நின்னு நின்னு வந்தது, டிகிரியும் வேணும், அதுவும் வேணும். செல்வி, நீங்க போஸ்ட் பேசிக் அப்ளை பண்ணுங்க, உங்க அனுபவத்துக்கு பாடம் சட்டுனு புரியும்.

அனிதா: 1 வருஷ கோர்ஸ் முடிச்சா ஆர்என் ஆகலாமா?

மேல ரவிக்கு சொன்னதைப் படிங்கம்மா. ஆக முடியாது.

ஜான்சன்: தபால் வழியில பிஎஸ்சி நர்சிங்?

வார்டுல நிக்காம நர்ஸ் ஆக முடியாது தம்பி. ரெகுலர்தான்.

தீபா: அமெரிக்கா போகணும்னா?

என்கிளெக்ஸ் ஆர்என், அதாவது அங்க நர்ஸ் லைசென்ஸுக்கான பரீட்சை எழுதணும். 5 மணி நேரம், 85லேர்ந்து 150 கேள்வி வரைக்கும் வரும், நீங்க பதில் சொல்றதை வச்சு கம்ப்யூட்டர் அடுத்த கேள்வியை எடுக்கும். அதுக்கு முன்னாடி மெடிக்கல் சர்ஜிக்கல், மகப்பேறு, குழந்தைகள், மனநலம் ஒவ்வொண்ணுலயும் தியரி எத்தனை மணி நேரம், கிளினிக்கல் எத்தனைன்னு காலேஜ்லேர்ந்து கேப்பாங்க. இப்பவே படிச்சுட்டு இருக்கீங்கன்னா கேஸ் புக்குல (நீங்க பார்த்த நோயாளிகளைப் பதியுற நோட்டு) அன்னன்னைக்கே கையெழுத்து வாங்கிடுங்க, மேடம் மாறிப் போயிட்டா யார்கிட்ட வாங்குவீங்க.

முருகன்: மேடம், 1 வருஷ கோர்ஸ்ல கவர்மென்ட் அப்ரூவ்டுன்னு போட்டிருக்கே?

போர்டுல போட்டிருக்கும் முருகன். கவுன்சில் லிஸ்ட்ல அந்த காலேஜ் பேரும் அந்தப் படிப்பு பேரும் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா சேராதீங்க.