வெள்ளம் வடிந்த பிறகு: ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளரிடம் கேளுங்கள்

2004 சுனாமியின்போது நாகப்பட்டினம், 2015 டிசம்பரில் சென்னைப் புறநகர் என்று இரண்டு பெரிய பேரிடர்களிலும் களப்பணியில் இருந்தவன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

சம்ப்பில் (தரைக்கடித் தொட்டியில்) சாக்கடைத் தண்ணீர் கலந்துவிட்டது. இப்போது தெளிந்திருக்கிறது. பிளீச்சிங் பவுடர் போட்டால் போதுமா? (முடிச்சூர் வாசகர்)

போதாது சார். தெளிவாகத் தெரிவதெல்லாம் சுத்தமான தண்ணீர் இல்லை. அடியில் சேறு இருக்கும்வரை நீங்கள் போடும் குளோரின் அந்தச் சேற்றோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. முழுக்க இறைத்து, சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். மூடிக்கிடந்த சம்ப்பில் ஆள் இறங்கும் முன் மூடியை வெகுநேரம் திறந்து வையுங்கள். மேலே இன்னொருவர் நிற்காமல் யாரும் இறங்கக் கூடாது.

புதுத் தண்ணீர் நிரப்பியபின் 1,000 லிட்டருக்கு 4 கிராம். 5,000 லிட்டர் சம்ப் என்றால் 20 கிராம். பவுடரை அப்படியே கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, மேலும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் சம்ப்பில் ஊற்றுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு. ஒரு மணி நேரம் தொடாதீர்கள். பிறகு லேசான குளோரின் வாடை வர வேண்டும். குடிப்பதற்கு அதையும் கொதிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் கோட்டைவிடுவது ஒன்று உண்டு. பவுடர் பழசாக இருந்தால் பயனில்லை. புதுசில் 33 சதவீதம் குளோரின் இருக்கும், மூட்டை பிரித்துக் காற்றில் கிடந்தால் நாளுக்கு நாள் குறையும். முகர்ந்தால் மூக்கில் ஏறவில்லையா, அது கோலப்பொடிக்குத்தான் ஆகும்.

தெருவோரம் வெள்ளைக் கோடு போட்டுவிட்டுப் போகிறார்களே, அதனால் என்ன பயன்?

அமைச்சர் வரும் வழி தெரியும். நானும் போட்டிருக்கிறேன், மேலிடத்து உத்தரவு. அந்தப் பிளீச்சிங் பவுடர் மூட்டையைக் குடிநீர்த் தொட்டிக்குக் கொடுத்திருந்தால் ஒரு தெருவே பிழைக்கும்.

நாலு நாள் இடுப்பளவு தண்ணீரில் நடந்தேன். பத்து நாள் கழித்துக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி உயிர் போகிறது. அலைச்சல்தானே? (வேளச்சேரி)

இதைப் படித்து முடிக்காமலே கிளம்புங்கள் தம்பி. எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலியின் சிறுநீரில் வரும் கிருமி வெள்ளநீரில் கலந்து, காலில் இருக்கும் சின்ன வெடிப்பு வழியாக உள்ளே போகும். பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் காட்டும். அதற்குள் தண்ணீர் வடிந்திருக்கும், நாமும் அதை மறந்திருப்போம். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இரண்டும் சேர்ந்தால் சந்தேகப்பட வேண்டும். கண் மஞ்சளானால், சிறுநீர் குறைந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. சிறுநீரகமும் கல்லீரலும் பழுதாகும். மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். டாக்டரிடம் முதல் வார்த்தையே 'வெள்ளத்தில் நடந்தேன்' என்பதாக இருக்கட்டும். நம் ஆட்கள் அதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில், தண்ணீரில் இறங்கியவர்களுக்கும் மீட்புப் பணியாளர்களுக்கும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையை வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் என்று ஊர் ஊராகக் கொடுத்தார்கள். இன்னும் சேறு அள்ளுகிறவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கலாம். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஆகாது. வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு உடனே படுத்தால் தொண்டையும் நெஞ்சும் எரியும்.

செத்த மாடுகள் கிடக்கின்றன. கொள்ளைநோய் வருமா?

நாற்றத்துக்குப் பயந்த அளவுக்கு நாம் குடிநீருக்குப் பயப்படுவதில்லை. சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரிய கொள்ளைநோய் எதுவும் வரவில்லை. முகாம்களில் தண்ணீருக்குக் குளோரின், கழிப்பிடம், குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி என்று ஓடினோம். மாடுகளை நீர்நிலையிலிருந்து தள்ளி, ஆழப் புதையுங்கள், அது போதும்.

கொசுவே இல்லையே, டெங்கு இந்த வருஷம் தப்பித்ததா?

வெள்ளம் புழுவை அடித்துக்கொண்டு போயிருக்கிறது, அவ்வளவுதான். டயரிலும் உடைந்த குடத்திலும் நிற்கும் நல்ல தண்ணீரில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள். புகை அடித்தால் பறக்கும் கொசுதான் சாகும். வாரம் ஒருமுறை மொட்டைமாடிக்குப் போய்ப் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு வாருங்கள்.

இரண்டு வயதுப் பேத்திக்கு வயிற்றுப்போக்கு. குடித்தால் இன்னும் போகுமென்று தண்ணீரை நிறுத்திவிட்டோம்.

உடனே கொடுங்கள் அம்மா. கொல்வது நீரிழப்புதான். 1971-ல் வங்க அகதிகள் முகாமில் காலரா பரவி, ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோனபோது டாக்டர் திலீப் மகலநபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு 4-க்கும் கீழே இறங்கியது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டரில் முழுதாகக் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டுங்கள். கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள். கண் குழி விழுந்தால், குழந்தை துவண்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

எங்கள் சந்தில் நாலு வீட்டில் ஒரே நாளில் பேதி. யாரிடம் சொல்வது?

இன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, இல்லாவிட்டால் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கு. வதந்தி கிளப்பியதாகத் திட்டுவார்களோ என்று தயங்காதீர்கள். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவிச் சுகாதார அவசரநிலையே அறிவித்தார்கள். நாலு வீட்டோடு தெரிந்தால் ஆய்வாளர் வந்து எந்தக் குழாய், எந்த வால்வு, பக்கத்தில் சாக்கடை எங்கே என்று நடந்தே பார்த்துவிடுவார். நாற்பது வீடான பிறகு ஊர் முழுக்கத் தோண்ட வேண்டும். அவர் வரும்வரை அந்தக் குழாயில் யாரும் பிடிக்க வேண்டாம். ஒரு பாட்டிலில் மட்டும் தண்ணீர் பிடித்து வையுங்கள், கேட்பார்.